சாரி கார்டு இல்லாத ஒன்பது நாள்

சாலையில் போகிறவர்களை எச்சரிப்பதில் என் வீட்டுக்காரரை மிஞ்ச திண்டுக்கல்லில் ஆள் கிடையாது. யாராவது சைடு ஸ்டாண்டை எடுக்காமல் வண்டி ஓட்டிப் போனால் இவருக்குப் பொறுக்காது. "ஸ்டாண்டு, ஸ்டாண்டு" என்று குரல் கொடுத்துக்கொண்டே பின்னால் போவார். முந்தானை தொங்க உட்கார்ந்து போகிற பெண்ணைப் பார்த்துவிட்டால் கேட்கவே வேண்டாம். ஒருதரம் பழனி ரோட்டில் நாங்கள் திரும்ப வேண்டிய இடத்தைத் தாண்டி, முன்னால் போன ஒரு ஜோடியை ரொம்ப தூரம் துரத்திப் போய், முந்தானையை எடுத்து மடியில் வைத்துக்கொள்ளும்படி அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டுத்தான் வண்டியைத் திருப்பினார். வீட்டுக்கு வந்ததும் ஓர் உயிரைக் காப்பாற்றிய தோரணையில் இரண்டாவது காபி கேட்டார். நானும் போட்டுக் கொடுத்தேன்.

அந்த மனிதர்தான் எங்கள் வண்டியின் சாரி கார்டைக் கழற்ற வைத்துப் பழைய பேப்பரில் சுற்றி என் காய்கறிப் பையில் வைத்தார்.

அவருக்கு ஐம்பது வயது ஆனதும், மகள் படிக்கக் கோயம்புத்தூர் போனதும் ஒரே வருஷத்தில் நடந்தன. நாகல் நகரில் ஃப்ளெக்ஸ் அடித்துக் கொடுக்கிற கடை வைத்திருக்கிறார். ஊரார் முகத்தையெல்லாம் பெரிதாக்கிக் கொடுத்தே காலம் போய்விட்டது, தனக்கென்று ஒன்றும் செய்துகொள்ளவில்லை என்று அடிக்கடி சொல்ல ஆரம்பித்தார். கொஞ்ச நாளில் வாசலில் ஒரு க்ரூஸர் வண்டி வந்து நின்றது. தாழ்ந்த சீட்டு, அகலமான ஹேண்டில்பார், காலை முன்னால் நீட்டிக்கொண்டு சோபாவில் சாய்ந்த மாதிரி ஓட்டலாம். என் முழங்கால் வலிக்குத் தாழ்ந்த சீட்டுதான் நல்லது என்று பழியை என் மேல் போட்டுவிட்டார்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. போனில் வீடியோ பார்க்கத் தொடங்கினார். எல்லா வீடியோவிலும் க்ரூஸர் வண்டிகளுக்குப் பின்னால் தலையணை மாதிரி தடித்த டயர் இருந்தது. தன் வண்டியைப் பின்பக்கம் நின்று பார்த்துவிட்டு, எருமை உடம்புக்கு ஆட்டுக்கால் வைத்த மாதிரி இருக்கிறது என்றார். இத்தனைக்கும் கம்பெனி யோசித்துப் போட்ட டயர் அது. கம்பெனிக்காரனுக்குத் தெரியாதது இவருக்குத் தெரிந்துவிட்டது.

நத்தம் ரோட்டில் ஒரு மெக்கானிக் இருக்கிறார். எல்லோரும் பாய் என்றே கூப்பிடுவோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட் போய்விட்டு வரும் வழியில் வண்டி அங்கே போய் நின்றது. டயரை முன்கூட்டியே வாங்கி பாயிடம் கொடுத்து வைத்திருக்கிறார் என்பது எனக்கு அங்கே போன பிறகுதான் தெரிந்தது. கத்தரிக்காய்ப் பையோடு ஸ்டூலில் உட்கார்ந்து நடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாய் வேலையில் கெட்டிக்காரர். டபுள் ஸ்டாண்டு போட்டு, சக்கரத்தைக் கழற்றி, பழைய டயரை நெம்பி எடுத்து, புதியதன் விளிம்பில் சோப்புத் தண்ணீர் தடவி ரிம்மில் ஏற்றினார். காற்று அடிக்கும்போது டயர் ரிம்மில் போய் உட்கார்ந்த சத்தம் வெடி மாதிரி கேட்டது. என் வீட்டுக்காரர் சிரித்தார். நான் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். சக்கரத்தை மாட்டியதும் பாய் அதைக் கையால் சுற்றிவிட்டு, செயினுக்கும் டயருக்கும் நடுவே ஆட்காட்டி விரலை விட்டுப் பார்த்தார். விரல் போகவில்லை. சுண்டு விரலை விட்டார். அது போனது.

செயின் இருக்கிற இடப்பக்கம்தான் பிரச்சினை. செயின் கவரைக் கொஞ்சம் வெளியே வளைத்துச் சரி செய்துவிட்டார். ஆனால் அதே பக்கம்தான் சாரி கார்டும் இருந்தது. சேலை கட்டினவர்கள் இடப்பக்கம் காலைப் போட்டு ஒருக்களித்து உட்காருவோம் இல்லையா, அந்தச் சேலை சக்கரத்தில் சிக்காமல் இருக்க வைக்கிற கம்பித் தடுப்பு அது. அதோடு சேர்ந்தே பாதம் வைக்கிற தகடும் இருக்கும். அந்தத் தடுப்பைத் தாங்குகிற உள்கம்பி புது டயரில் உரசியது. ஒவ்வொரு சுற்றுக்கும் சர்ர் என்று ஒரு சத்தம். பாய் நாலு போல்ட்டைக் கழற்றி அதைத் தனியே எடுத்து வைத்தார்.

"அண்ணே, இதுக்குத் தாங்குகம்பி நீளமா அடிக்கணும். ரெண்டு நாள் கழிச்சு வாங்க, வெல்டு வச்சு மாட்டித் தாரேன். அதுவரைக்கும் அக்காவ ஏத்தாதீங்க."

சொன்னது அவரிடம். பார்த்தது என்னை. இவரோ டயரைச் சுற்றிச் சுற்றி வந்து படம் எடுத்துக்கொண்டிருந்தார். சரி பாய், வாரேன் என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார். பின்னால் ஏறச் சொல்லி என்னைத் திரும்பிப் பார்த்தார். பாய் சொன்னது அவர் காதில் ஏறவில்லையா, அல்லது ஏற்றிக்கொள்ளவில்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் ஏறினேன். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

எனக்கு இந்தப் பயம் அன்றைக்குப் புதிதாக வந்ததில்லை. பல வருஷத்துக்கு முன்னால் சாணார்பட்டி பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், டவுன் பஸ்ஸில் போகும்போது சாலையோரம் கூட்டமாக நின்றது. பஸ் மெதுவாக ஊர்ந்தது. ஜன்னல் வழியே ஒரு மோட்டார் சைக்கிள் சாய்ந்து கிடப்பதைப் பார்த்தேன். அதன் பின் சக்கரத்தின் நடுவில் மஞ்சள் துணி கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டு இறுகிக் கிடந்தது. பக்கத்தில் ஒற்றைச் செருப்பு. அவ்வளவுதான் பார்த்தேன். அந்தப் பெண்ணைப் பார்க்கவில்லை, என்ன ஆனாள் என்று யாரிடமும் கேட்கவுமில்லை. கேட்காததால் அந்தத் துணி எனக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. அதற்குப் பிறகு மஞ்சள் சேலை நான் எடுத்ததே இல்லை.

பாய் கடையிலிருந்து வீட்டுக்கு வந்த அந்தக் கொஞ்ச தூரம் முழுக்கக் கீழே பார்த்துக்கொண்டே வந்தேன். முன்பெல்லாம் என் பாதத்துக்குக் கீழே தகடு இருக்கும், கணுக்கால் பக்கம் கம்பி இருக்கும். இப்போது ஒன்றுமில்லை. ஒரு கால் சின்ன மிதிகட்டையில், இன்னொரு கால் அந்தரத்தில். கொசுவத்திலிருந்து ஒரு சாண் தள்ளி அந்தக் கறுப்பு டயர் சுற்றியது. புது டயரின் மேல் ரப்பர் முடி முளைத்திருக்கும், பார்த்திருப்பீர்கள். அந்த முடிகள் காற்றில் சிலிர்த்தபடி சுற்றின. முந்தானையைச் சுருட்டி இடது கையில் பிடித்து மடியில் அழுத்தியவள், வீட்டு வாசலில் இறங்கிய பிறகும் கையைத் திறக்கவில்லை. அவர் பார்த்துவிட்டு, என்ன டீச்சரம்மா, கையில் தங்கமா இருக்கிறது என்று கேட்டார்.

இரண்டு நாள் நாலு நாள் ஆனது. கடையில் வேலை, ஒரு அரசியல்கட்சிக்காரர் வீட்டுக் கல்யாண ஃப்ளெக்ஸ், பாய் ஊரில் இல்லை என்று ஒவ்வொரு நாளும் ஒரு காரணம். பேப்பரில் சுற்றிய சாரி கார்டு சமையலறை மூலையில் அரிசி டின் பக்கத்தில் சாய்ந்து நின்றது. நான் ஒவ்வொரு தடவை அரிசி எடுக்கும்போதும் அதைப் பார்த்தேன். அது இல்லாமல் வண்டி பின்பக்கம் நன்றாக இருக்கிறது என்று அவர் போனில் யாரிடமோ சொன்னதையும் கேட்டேன். டயர் முழுசாகத் தெரிகிறதாம்.

தினமும் காலையில் என்னை பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிடுவது அவர் வேலை. அங்கிருந்து எனக்கு சாணார்பட்டி பஸ். இரண்டு நாள் ஆட்டோவில் போனேன். அவர் காபியைக் குடித்துவிட்டு டம்ளரை வைக்கிற சத்தத்தில் மட்டும் கொஞ்சம் வித்தியாசம் இருந்தது. மகளிடம் போனில் சொல்லி அழாக்குறையாகப் புலம்பினேன். அவள், சுடிதார் போடு, இல்லையென்றால் இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார் என்றாள். ஐம்பதை நெருங்குகிற முழங்காலைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும். சுடிதார் என்னிடம் ஒன்றுகூட இல்லை. மூன்றாம் நாள் மறுபடி வண்டியில் ஏறினேன்.

ஏறும் முன்னால் நானே ஓர் ஏற்பாடு செய்துகொண்டேன். அதை அவரிடம் சொல்லவில்லை. தோளில் முந்தானையை ஜாக்கெட்டோடு சேர்த்து ஊக்கு குத்துவது என் பழக்கம். கொசுவத்திலும் ஒன்று குத்துவேன். அந்த வாரம் முழுக்க இரண்டையும் குத்தவில்லை. சக்கரம் இழுத்தால் துணியை எடுத்துக்கொள்ளட்டும், என்னை விட்டுவிடட்டும் என்று ஒரு கணக்கு. பஸ் ஸ்டாண்டில் இறங்கி, பெண்கள் கழிப்பறைக்குள் போய் ஊக்கு குத்திக்கொண்டு பஸ் ஏறுவேன். காலையில் கண்ணாடி முன்னால் நின்று ஊக்கைக் கையில் எடுத்து, மறுபடி டப்பாவில் போடுவேன். நடுரோட்டில் சேலை உருவிப் போய் நிற்பதா, சேலையோடு சேர்ந்து போவதா என்று ஒரு பொம்பளை தினமும் காலையில் ஏழே முக்காலுக்கு யோசிக்க வேண்டியிருந்தது. அதை நினைத்தால் அவர் மேல் எனக்கு இப்போதும் கோபம் வருகிறது.

இன்னொன்றும் அந்த வாரம் நடந்தது. சிக்னலில் நின்றால் பக்கத்து வண்டிக்காரர்கள் டயரைப் பார்த்தார்கள். பள்ளிப் பையன்கள் கையை நீட்டிக் காட்டினார்கள். பெட்ரோல் பங்கில் ஒருவர் குனிந்து அளவு கேட்டார். ஒவ்வொருவருக்கும் இவர் கட்டை விரலை உயர்த்திக் காட்டுவார். பஸ் ஸ்டாண்டில் என்னோடு வேலை பார்க்கிற டீச்சர் ஒருத்தி, சாரோட வண்டி சும்மா கும்முன்னு இருக்கு என்றாள். அதில் என்ன இருக்கிறது என்று நான் முகத்தைச் சுளித்தேன்.

ஒன்பதாம் நாள் அகரத்தில் வளைகாப்பு. அவருடைய தங்கை மகளுக்கு ஏழாம் மாதம். தாய்மாமன் வீட்டு வளையல் சீர் நாங்கள்தான் கொண்டுபோக வேண்டும், நாங்கள் போகாமல் சடங்கு ஆரம்பிக்காது. டாக்ஸி பிடிக்கலாம் என்று கெஞ்சினேன். அங்கே அத்தனை பேரும் வண்டியைப் பார்க்கக் காத்திருக்கிறார்கள் என்றார். பட்டுச் சேலை கட்டினேன். பட்டு வழுக்கும், ஊக்கு இல்லாமல் தோளில் நிற்காது. குத்தினேன், எடுத்தேன், திரும்பக் குத்தினேன். அவர் கீழே ஹாரன் அடித்தார். கடைசியில் எடுத்துப் பர்ஸுக்குள் போட்டுக்கொண்டு இறங்கினேன். கோட்டை மாரியம்மனை நினைத்துக்கொண்டுதான் ஏறினேன்.

மடியில் வளையல் பை. அதன் அடியில் முந்தானையைச் சுருட்டி வைத்து, அதன் நுனியை இடது கைக்குள் பிடித்திருந்தேன். ஊரைத் தாண்டியதும் அவர் வேகம் எடுத்தார். மலைக்கோட்டை பின்னால் சின்னதாகிக்கொண்டே போனது. தாடிக்கொம்பு தாண்டி அகரத்துக்குத் திரும்பியதும் இரண்டு பக்கமும் தென்னந்தோப்பும் பூத்தோட்டமும்தான். எதிர்க்காற்று பலமாக இருந்தது. செத்த நேரம் மெதுவாகப் போங்க என்று முதுகில் தட்டினேன். ஹெல்மெட்டுக்குள் என்ன கேட்டதோ.

ஒரு வேகத்தடையில் அவர் வேகத்தைக் குறைத்தபோது பக்கத்தில் ஒரு மொபெட் வந்தது. முன்னால் பூ மூட்டைகள், அவற்றின் மேல் ஈர வேட்டியைப் போர்த்தியிருந்தது. ஓட்டியவருக்கு அறுபது வயது இருக்கும். வாயைத் திறந்து ஏதோ சொன்னபடி எங்கள் பின் சக்கரத்தைக் கையை நீட்டிக் காட்டினார். எங்கள் வண்டிச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. என் வீட்டுக்காரர் வழக்கம்போலக் கட்டை விரலை உயர்த்திக் காட்டிவிட்டு ஆக்ஸிலேட்டரை முறுக்கினார்.

அடுத்து நடந்ததை ஆஸ்பத்திரியிலும், சொந்தக்காரர்களிடமும், அவரிடமும் நான் ஒரே மாதிரிதான் சொன்னேன். வேகத்தடையில் பை துள்ளியது, முந்தானை கையிலிருந்து நழுவிவிட்டது என்று.

தோளிலிருந்து துணி போனதுதான் முதலில் தெரிந்தது. யாரோ பின்னாலிருந்து வெடுக்கென்று பிடுங்கின மாதிரி. அப்புறம் இடுப்பில் ஒரு இழுப்பு. மூச்சு நின்றுவிட்டது. கொசுவம் உருவியது, வயிற்றுப் பக்கம் நெருப்பு வைத்த மாதிரி துணி அறுத்துக்கொண்டு போனது. கத்தினேனா என்று தெரியாது. வளையல் உடைகிற சத்தம் கேட்டது. அப்போது நான் தரையில் கிடந்தேன். வண்டி எனக்கு முன்னால் தேய்த்துக்கொண்டே போய் நின்றுவிட்டது. பின் சக்கரம் சுற்ற முடியாமல் பூட்டிக்கொண்டிருந்தது. அதன் நடுவில் என் பட்டுச் சேலை கயிறு மாதிரி முறுக்கி இறுகியிருந்தது. மஞ்சள் இல்லை, அரக்கு நிறம். நான் பயந்து பயந்து இத்தனை வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தது அதேதான். எனக்கு ஒரு செருப்பு இல்லை.

எழுந்து உட்கார்ந்தேன். முழங்கையில் ரத்தம். உயிரோடு இருக்கிறேன் என்று தெரிந்த அடுத்த நிமிஷம் பாவாடையும் ஜாக்கெட்டுமாக நடுரோட்டில் இருக்கிறேன் என்றும் தெரிந்தது. இரண்டு கையாலும் மாரை மறைத்துக்கொண்டு குனிந்துகொண்டேன். மொபெட்காரர் வண்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தவர் பாதியிலேயே நின்றார். திரும்பிப் போய்ப் பூ மேல் போர்த்தியிருந்த ஈர வேட்டியை உருவி எடுத்து, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு என் பக்கம் நீட்டினார்.

"தாயி, இதச் சுத்திக்க. சேல, சேலன்னு அம்புட்டுக் கத்துனேனே தாயி."

அந்த வேட்டி சில்லென்று இருந்தது. மல்லிகை வாசம் அடித்தது. அவருடைய பூ அத்தனையும் வெயிலில் கிடந்தது. நான் அதைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

என் வீட்டுக்காரர் வண்டிப் பக்கம் மண்டியிட்டுக் கிடந்தார். வண்டி அவர் காலைச் சிராய்த்திருந்தது. அதை அவர் பார்க்கவேயில்லை. மொபெட்காரரிடம் இருந்த அரிவாளை வாங்கிச் சக்கரத்திலிருந்து சேலையை அறுத்தார். இரண்டு தடவை டயரிலேயே வெட்டினார். அறுத்த துண்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை.

"அந்த அண்ணன் கையக் காட்டுனாரு. டயரத்தான் காட்டுறாருன்னு நெனச்சுட்டேன்டி."

எனக்கு முழங்கையில் ஆறு தையல். இடுப்பில் சேலை அறுத்த கோடு ஒரு மாதம் இருந்தது. வளையல் சீர் வேறு யாரோ வாங்கிக் கொடுத்து சடங்கு நடந்தது. நாங்கள் கொண்டுபோன கண்ணாடி வளையல் அத்தனையும் ரோட்டில் உடைந்த சேதியை யாரிடமும் சொல்லவில்லை. அந்தப் பிள்ளைக்குப் பிரசவம் ஆகித் தாயும் சேயும் நலம் என்று போன் வரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாளே பாய் கடையில் பழைய டயரும் சாரி கார்டும் மாட்டியாகிவிட்டது. அரிவாள் வெட்டோடு அந்தத் தடித்த டயர் எங்கள் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கிடக்கிறது. அதற்கப்புறம் அவர் ரோட்டில் யாரையும் கூப்பிட்டு எச்சரிப்பதில்லை. தனக்கு அந்த யோக்கியதை இல்லை என்று ஒருநாள் சொன்னார். யாராவது இவரைப் பார்த்துக் கையை நீட்டினால் மட்டும் உடனே வண்டியை ஓரம் கட்டி இறங்கி, முதலில் என் சேலையைப் பார்ப்பார். பாதி நேரம் அவர்கள் வழி கேட்கத்தான் கையைக் காட்டியிருப்பார்கள். நான் எங்கள் தெருவிலேயே ஏறி இறங்கினாலும் என் முந்தானையை அவரே எடுத்து மடியில் வைக்கிறார். தப்பு முழுக்கத் தன்னுடையது என்று நம்புகிறார்.

வேகத்தடையில் பை துள்ளவில்லை. அந்த மொபெட்காரர் கையை நீட்டிக் காட்டியபோது நானும் அவரைப் பார்த்தேன். பைக்கு அடியிலிருந்து நழுவித் தொங்கிய முந்தானை மடிப்பைத்தான் அவர் காட்டினார். எனக்கும் டயரைக் காட்டுவதாகத்தான் தோன்றியது. பட்டுச் சேலையும் தலை நிறையப் பூவுமாக அந்த வண்டியில் உட்கார்ந்திருந்த எனக்கு அந்த ஒரு நிமிஷம் பெருமையாக இருந்தது. ஒன்பது நாளில் பயப்படாத நிமிஷம் அது ஒன்றுதான். சிரித்துக்கொண்டே, இறுக்கிப் பிடித்திருந்த இடது கையைத் திறந்து அவருக்கு டாட்டா காட்டினேன்.

இதை என் வீட்டுக்காரரிடம் நான் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் அவர் மனசிலிருக்கும் பாரம் பாதி குறையும் என்று தெரியும். குறைந்தால் மாடிக்குப் போய் அந்த டயரை எடுத்துக்கொண்டு வந்துவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது.